பதினேழாவது வீடியோ

அந்த வீடியோவை நிறுத்திவிடுங்கள் சார். சத்தமாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம். சொட்டு நீர்ப் பாசனம்தானே? பத்தே நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்கிறான். நீங்கள் புலிவலத்தில் ஏறியதிலிருந்து நானும் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன், தன்னுடைய சேனலுக்கு நன்றி சொல்லவே அவனுக்கு நாலு நிமிடம் போய்விட்டது. இந்த விஷயத்தில் என் பேச்சை நீங்கள் கேட்கலாம். இப்படிப்பட்ட வீடியோக்கள் பார்த்து இருபத்து நான்கு சான்றிதழ் வாங்கியவன் நான். இருபத்து நான்கிலும் நூற்றுக்கு நூறு.

சிரிக்காதீர்கள். வாத்தியார் சார் நான். கணக்கு. பதினைந்து வருடம் மஸ்கட்டில் ஒரு இந்தியப் பள்ளியில் இருந்தேன், திரும்பி வந்து இரண்டு வருடமாகிறது. இப்போது துறையூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. எட்டாவது வரைதான். மஸ்கட்டில் என் வகுப்பறைக்கு ஏ.சி. இருந்தது, இங்கே நாலு மின்விசிறி, நாலும் நாலு ராகத்தில் சத்தம் போடும். போகட்டும்.

ஜன்னலோரம் இருப்பது என் மகள். மிருதுளா. ஏழாவது, அதே பள்ளி, என்னிடம்தான் கணக்கு படிக்கிறாள். தில்லைநகரில் ஒரு காது டாக்டரைப் பார்க்கப் போகிறோம். காதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கத்தான் போகிறோம். ஒரு டீச்சரின் வாயை அடைக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் ஏறும்போது, 'அங்கிள் உட்காரட்டும், கொஞ்சம் நகர்ந்துக்கோ' என்று அவளிடம் சொன்னேனே, பார்த்தீர்களா? திரும்பினாளா? அது காது இல்லை சார், திமிர். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை. நாம் தாராளமாகப் பேசலாம், இந்த பஸ் சத்தத்தில் அவளுக்கு எதுவும் விழாது.

ஜூன் மாதம் எங்கள் தாளாளர் தலையில் யாரோ ஒரு போர்ட்டலைக் கட்டிவிட்டார்கள். ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சி. வீட்டிலிருந்தே படிக்கலாம், எந்த நேரமும் படிக்கலாம், அப்படி இப்படி என்று. இருபத்து நான்கு வீடியோ. ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம், முடிவில் பத்துக் கேள்வி, தேறினால் சான்றிதழ். திறந்ததும் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா வருவார். பின்னால் வீணை. 'அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே, கற்பிக்க நாம் கற்போம்' என்பார். ஒரு பொம்மை ஆந்தை வேறு. சரியான விடையைத் தொட்டால் அது சிறகைத் தட்டி நம்மைப் பாராட்டும். ஐம்பதை நெருங்குகிறவனுக்கு ஆந்தை கைதட்டுகிறது சார்!

முதல் வீடியோவை மட்டும் முழுதாகப் பார்த்தேன். பார்க்காமல் குறை சொல்லக்கூடாது இல்லையா? போர்டில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள், மாணவர் பக்கம் திரும்பிப் பேசுங்கள் என்கிறார் அந்த அம்மா. சமன்பாட்டை யார் எழுதுவது, அவருடைய ஆந்தையா? இருபது வருடமாக நான் போர்டைப் பார்த்துத்தான் பேசுகிறேன். என்னிடம் படித்தவர்கள் இன்று துபாயில் பாலம் கட்டுகிறார்கள்.

செப்டம்பர் முடிவதற்குள் எல்லா ஆசிரியர்களும் எல்லா வீடியோவையும் முடிக்க வேண்டும் என்று உத்தரவு. எதற்கு? ஃப்ளெக்ஸ் வைக்க. 'நூறு சதவீத ஆசிரியர்களும் இணையப் பயிற்சி பெற்ற பள்ளி' என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸ். வாசகம் ஜூன் மாதமே தயார். எங்களை நிற்க வைத்து போட்டோகூட எடுத்தாயிற்று. படிப்பு ஒன்றுதான் பாக்கி.

பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டார். "மதியரசு சார், நீங்க ஃபாரின்ல இருந்தவங்க. இதெல்லாம் உங்களுக்கு ஒரு வேலையே இல்லை. எல்லாருதையும் கொஞ்சம் முடிச்சுக் குடுத்துடுங்க."

"எல்லாருதும்னா மேடம்?"

"என்னுதையும் சேர்த்துத்தான்."

மொத்தம் பதினோரு பேர். ஸ்டாஃப் ரூம் மேஜையில் பத்து போன்களை வரிசையாக அடுக்குவேன். எல்லார் பாஸ்வேர்டும் எனக்கு அத்துப்படி. பாதிப் பேருக்குப் பிள்ளையின் பிறந்த தேதி, பி.டி. மாஸ்டருக்கு ஒன்று இரண்டு மூன்று நான்கு. வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, சத்தத்தை முழுக்க அணைத்துவிடுவேன். வீணையிலிருந்து விடுதலை. அந்த அம்மா மட்டும் பத்துத் திரையிலும் வாயை வாயை அசைத்துக்கொண்டிருப்பார், மீன் தொட்டி மாதிரி. நான் பாட்டுக்கு நோட்டுத் திருத்துவேன். ஆனால் போர்ட்டலும் லேசுப்பட்டதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். 'இருக்கிறேன்' என்று தொட வேண்டும். பத்து போனும் வரிசையாகக் கேட்க, ஹார்மோனியம் வாசிக்கிறவன் மாதிரி இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன் என்று தட்டிக்கொண்டே போவேன்.

கேள்விகளுக்கு விடையா? அது வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும் சார். எந்த மகாராசன் போடுகிறானோ, சில சமயம் போர்ட்டலில் வீடியோ வருவதற்கு முந்தின நாளே விடை வந்துவிடும். ஒன்றுக்கு ஆ, இரண்டுக்கு ஈ, மூன்றுக்கு அ. பத்து போனிலும் பத்து ஆந்தை. ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்றும் முன்னாலேயே இருபத்து நான்கையும் முடித்துவிட்டேன். எல்லாருக்கும் நூறு. மாவட்டத்திலேயே எங்கள் பள்ளிதான் முதல் என்று தாளாளர் மைக்கில் சொன்னார்.

பத்து பேருக்கு. பதினோராவது ஆள்தான் தகராறு. சகாயராணி டீச்சர். தமிழ். ஐம்பத்தைந்து வயது. தேங்காய் முற்றிவிட்டதா என்று தட்டிப் பார்ப்பதுபோல ஒற்றை விரலால் போனைத் தட்டுகிறவர்.

"டீச்சர், போனைக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு சார்?"

"உங்க கோர்ஸை முடிச்சுடறேன்."

"நீங்க முடிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன தெரியணும்?"

"அதுல என்ன சொல்றாங்கன்னு."

பி.டி. மாஸ்டருக்கு டீ புரையேறிவிட்டது. "டீச்சர் கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கிறாங்க போல" என்றார். டீச்சர் சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு லைப்ரரிக்குப் போய்விட்டார். அதுதான் ஆரம்பம். தினமும் மதியம் அங்கே உட்கார்ந்து ஒரு கையில் சோறு, மறு கையில் பேனா. சாதாரண வேகத்தில் பார்ப்பார் சார், நிறுத்தி நிறுத்தி! லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி, அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, குறிப்பு எடுக்கிறார். வீடியோவில் அந்த அம்மா 'நன்றி வணக்கம்' என்றால் இவர் தலையை ஆட்டுகிறார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஒருநாள் என்னிடம் வந்து, "சார், பதினேழாவதை மறுபடியும் பார்க்கணும். எப்படிப் பின்னாடி போறது?" என்றார்.

"ஏன் டீச்சர், ரெண்டாவது ஆட்டமா? பாட்டு நல்லா இருக்கோ?"

"பாட்டு இல்லை சார். அதுல ஒரு பொண்ணு வருது."

"ஹீரோயினா?"

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

அத்தனை குறிப்பு எடுத்து, இரண்டு முறை பார்த்து, பதினேழாவதில் அவர் வாங்கிய மார்க் எவ்வளவு தெரியுமா? அறுபது! விடைத்தாள் கையில் இருக்கிற எங்களுக்கெல்லாம் நூறு, இவருக்கு அறுபது. இந்த வேகத்தில் பார்த்து இன்னும் முடிக்காத இவர் ஒருவரால் ஃப்ளெக்ஸ் நின்றுபோயிற்று. தாளாளர் கேட்கும்போதெல்லாம் மேடம், "இன்னும் ஒரே ஒரு டீச்சர் சார்" என்று கையைப் பிசைவார். நல்லாசிரியர் லட்சணம் பாருங்கள்.

இப்போது இவள் கதைக்கு வருகிறேன். இவள் மஸ்கட்டில் மூன்றாவது, நான்காவது படித்தது முழுக்க கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பு. காதில் ஒரு பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். இரண்டு வருடமும் முதல் ரேங்க். கணக்கில் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இறங்கியதில்லை. ஆன்லைன் படிப்பை நான் மதிக்கிறவன் இல்லை, அது வேறு விஷயம், ஆனால் மார்க் மார்க்தானே? அப்படிப்பட்ட பெண், இங்கே நிஜமான வகுப்பில், நிஜமான வாத்தியாரிடம், அதுவும் சொந்த அப்பாவிடம், காலாண்டில் கணக்கில் எடுத்தது முப்பத்தெட்டு. இதற்குப் பெயர் என்ன? நீங்களே சொல்லுங்கள். கொழுப்பு இல்லாமல் வேறென்ன?

ஜூலையில் ஒருநாள் போர்டில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே, "மிருதுளா, அடுத்த படி என்ன?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உயரம் என்பதால் கடைசி பெஞ்ச். வகுப்பே சிரிக்கிறது. வெளியே போய் நில் என்றேன். பீரியட் முடியும்வரை வராந்தாவில் நின்றாள். மகள் என்று சலுகை காட்டினால் மற்றப் பிள்ளைகள் என்னை மதிப்பார்களா? வெளியே நின்றும் அடங்கவில்லை சார். ஜன்னல் வழியாக என் வாயையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் தமிழ்ப் பீரியடில் இந்த மகாராணிக்குத் தனி இடம். சகாயராணி டீச்சர் வந்ததும் இவள் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பெஞ்சுக்குப் போய், இடது கோடியில் சுவரோரம் உட்கார்ந்துகொள்வாளாம். டீச்சர்தான் உட்கார வைத்தாராம். இப்படித்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்.

அந்தச் சகாயராணி டீச்சர் போன புதன்கிழமை, கடைசி மணி அடித்ததும், படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மிருதுளாவுக்கு இடது காது சரியாக் கேக்கலைன்னு நினைக்கிறேன்."

"அவ மஸ்கட்ல படிச்சவ டீச்சர். உங்க தமிழ் அவளுக்குப் புரியலை, அவ்வளவுதான்."

"தமிழ்ல எண்பத்தொன்னு எடுத்திருக்கா சார்."

"நீங்க அள்ளிப் போட்டிருப்பீங்க."

அதற்குக் கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை. "வலப்பக்கம் நின்னு மெதுவாக் கூப்பிட்டாக்கூடத் திரும்புறா சார். இடப்பக்கம் நின்னா, பக்கத்துப் பிள்ளை இடிச்சாத்தான் திரும்புறா. ஃபேன் ஓடுறப்போ இன்னும் மோசம். ரெண்டு வாரமாப் பார்த்துட்டேன். அவகிட்டயும் கேட்டேன். 'அந்தப் பக்கம் எப்பவுமே அப்படித்தான் மிஸ்'ங்கிறா. நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்."

"என் பொண்ணைப் பத்தி நோட்டா?"

"எல்லாப் பிள்ளைங்களைப் பத்தியும்தான். பதினேழாவது வீடியோல அப்படித்தான் செய்யச் சொன்னாங்க."

"வீடியோ பார்த்து டாக்டர் ஆயிட்டீங்களா?"

"இல்லை சார். அதான் டாக்டர்கிட்ட காட்டச் சொல்றேன்."

என் ரத்தம் கொதித்தது. நேரே மேடத்திடம் போனேன். என் குடும்ப விஷயத்தில் தலையிடுகிறார், என் மகளை ஊனம் என்கிறார், கண்டித்து வையுங்கள் என்றேன். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினேழாவது எதைப் பத்தி சார்?"

"தெரியாது மேடம்... வந்து, நினைவில்லை."

போர்ட்டலைத் திறந்து பார்த்தார். தலைப்பைப் படித்தார். வகுப்பறையில் காது கேளாத குழந்தைகளைக் கண்டறிதல்.

"இதுல உங்களுக்கு நூறு சார்" என்றார்.

"உங்களுக்கும்தான் மேடம்" என்றேன்.

மேடத்தின் மகனும் எங்கள் பள்ளியில்தான் ஆறாவது படிக்கிறான். நான் வெளியே வரும்போது ஜன்னல் வழியாக விளையாட்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பதினேழாவதைப் பார்த்தேன். தப்புக் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். சாதாரண வேகத்தில், சத்தத்தோடு. வீணை அப்படியேதான் இருந்தது. நடுவில் ஒரு சின்னப் பெண் வருகிறாள். ஆசிரியர் பின்னால் நின்று, அவளுடைய ஒரு காதை மூடச் சொல்லி, மெதுவாக எண்களைச் சொல்கிறார். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை. சிரிப்பாக இல்லை? கருவி இல்லை, அறை இல்லை, எண்களைச் சொன்னால் காது தெரிந்துவிடுமாம்!

அபத்தம் என்று நிரூபிக்க இவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இடது காதை மூடச் சொல்லி வலது பக்கம் பத்து எண்கள். பத்தும் சொன்னாள். பார்த்தாயா என்று மனைவியைப் பார்த்தேன். பிறகு வலது காதை மூடச் சொல்லி இடது பக்கம் பத்து எண்கள். "ஆரம்பிச்சிட்டீங்களா அப்பா?" என்றாள். நான் ஆறாவது எண்ணில் இருந்தேன்.

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். மறுபடி சொன்னேன். கொஞ்சம் குரலை உயர்த்தினேன். ஒன்றிரண்டு சொன்னாள். பிறகு தலையை மெல்லத் திருப்பி என் முகத்தைப் பார்க்க முயன்றாள். திரும்பாதே என்று அதட்டினேன். அதுவும் அவளுக்கு விழவில்லை போல, முழுக்கத் திரும்பிவிட்டாள்.

"போனை எப்பவும் வலது காதுலதான் வெச்சுக்கறா, பாருங்கன்னு போன வருஷமே சொன்னேன்" என்றாள் என் மனைவி. "வலது கைக்காரி, வலது காதுலதான் வெப்பான்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். அதில் என்ன தப்பு? நியாயமான காரணம்தானே? கணக்கு வாத்தியார் காரணம் கேட்பான், கண்டதையும் நம்ப மாட்டான். அதனால் அந்தச் சோதனையை நான் ஒப்புக்கொள்ளவில்லை சார். வீட்டில் குக்கர் சத்தம், தெருவில் காய்கறி வண்டி, இப்படிப்பட்ட சூழ்நிலையில் எடுத்த முடிவு அறிவியல் இல்லை. அதற்காகத்தான் இன்று டாக்டர். விஷயத்தை இவளிடம் சொன்னபோது பயப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். "ஹெட்ஃபோன் மாதிரி ஒண்ணு குடுப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். சந்தோஷமாகக் கேட்கிறாள் சார். கூறு கெட்டது.

டாக்டர் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கே அதைச் சகாயராணியின் மேஜையில் வைத்துவிடுவேன். லேபிள் ஒட்டிய நோட்டில் அதையும் ஒட்டிக்கொள்ளட்டும்.

எழுதிக் கொடுக்காவிட்டாலா? கொடுக்காவிட்டால் என்ன? இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது. ஒரு காது நன்றாகத்தானே கேட்கிறது.

மண்ணச்சநல்லூர் வந்துவிட்டதா? நீங்கள் டோல்கேட்டில் இறங்குகிறீர்கள், இல்லையா? அதற்குள் ஒன்று கேட்கிறேன், படித்தவர் மாதிரி தெரிகிறீர்கள். டாக்டர் முதலில் என்ன கேட்பார்? எத்தனை நாளாக, யார் கவனித்தது என்று கேட்பார், இல்லையா? கேட்காமல் இருக்க மாட்டார். தமிழ் டீச்சர் என்று சொன்னால், அப்பா என்ன வேலை என்பார். வாத்தியார் என்றால், எந்த வகுப்புக்கு என்பார். அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் நான்தான் கவனித்தேன் என்று சொல்லப்போகிறேன். வகுப்பில் பார்த்தேன், சந்தேகம் வந்தது, உடனே கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு அப்பா சொல்லக்கூடாதா? இதனால் யாருக்கு நஷ்டம்? சகாயராணிக்கு இது தெரியவே போவதில்லை. ஆனால் இவளுக்குத் தெரியுமே. டீச்சர் முதலில் இவளிடம்தானே கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், என் முகத்தைப் பார்த்தால் வாயசைவிலேயே கண்டுபிடித்துவிடுவாள், இப்போது அது எனக்குப் புரிகிறது. அதனால் டாக்டர் பக்கம் திரும்பி, குனிந்து, மெதுவாகச் சொல்ல வேண்டும். அறையில் நாற்காலிகளை எப்படிப் போட்டிருப்பார்களோ தெரியவில்லை. எப்படிப் போட்டிருந்தாலும் சரி, நான் இவளுடைய இடது பக்கம் உட்கார்ந்துகொள்வேன்.